மாமனார் மீனும் பழுப்புச் சளியும்

ஜூன் 2

காலையில் மீன்தொட்டி மணலில் ஒரு பழுப்புத் தடம். யாரோ காபியைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போனதுபோல. இந்த வீட்டில் சிந்துவதற்கு ஆள் இல்லை. சிந்தினால் துடைப்பதற்கு நான் இருக்கிறேன். ஆகவே இது சிந்தியதல்ல, வந்தது.

குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். கண்ணாடியைச் சுரண்டினேன். வடிகட்டித் துணியைத் துவைத்துப் போட்டேன். நீரைச் சோதித்தேன். நைட்ரேட் இல்லை. பாஸ்பேட் இல்லை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருந்த காலம் முழுக்க நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த சொல் அந்த ‘இல்லை’தான். சர்க்கரை இல்லை, ஆல்புமின் இல்லை, கிருமி இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு குடும்பம் நிம்மதியாக வீட்டுக்குப் போகும்.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்ட காலத்தில் இந்தத் தொட்டிக்கு அந்தச் சொல் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

ஜூன் 3

மறுபடி. அதே இடம், இரண்டு மடங்கு. நேற்று நான் செய்தது வேலையா, விளையாட்டா?

ஜூன் 5

சளி. வேறு நாகரிகமான சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. காலையில் விளக்கு எரிந்ததும் மெல்லிய படலமாகத் தொடங்குகிறது. மதியத்துக்குள் நூல்நூலாக எழுந்து நிற்கிறது, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. பாறைமேல், பம்பின் மூக்கில், இன்று பவளத்தின்மேலும். அவர் கட்டைவிரல் நகமளவு துண்டாக வாங்கி ஒட்டி வைத்த பவளம், இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.

கடல்நீர்த் தொட்டி வேண்டும் என்று அவர் ஓய்வுபெற்ற அன்று தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். வந்தது. வந்த பிறகு அதை வைத்திருந்த லட்சணம்! கண்ணாடியில் எப்போதும் பச்சை. நீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் கோப்பையில் எப்போதும் நாற்றம். மீன்களுக்குத் தீனி போட்ட கை மூடுவதற்குள் "பாவம், பார்க்கிறான் பாரு" என்று இன்னொரு சிட்டிகை. பார்க்கிறவன் என்றது அந்தப் பெரிய மஞ்சள் மீனை. அதற்கு அவர் வைத்த பெயர் மாமனார். என் அப்பாவின் முகஜாடையாம். எல்லோருக்கும் முன்னால் தனக்குப் பரிமாற வேண்டும், பரிமாறினாலும் முறைக்க வேண்டும் — அதே ஜாடையாம். நான் இரண்டு நாள் பேசவில்லை. அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

போன வருஷம் அவர் போனதும் காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கியபின், முதலில் இந்தத் தொட்டியைத்தான் ஒழுங்குபடுத்தினேன். தீனிக்குச் சின்னக் கரண்டி, தலைதட்டி ஒரு கரண்டி. தினமும் கண்ணாடி. நீரிலிருந்து பாஸ்பேட்டை உறிஞ்ச இரும்புத்தூள் பை. வாராவாரம் புது உப்புநீர். பார்க்க வந்தவர்கள் தொட்டியில் நீர் இருக்கிறதா என்று விரல் நீட்டிப் பார்த்தார்கள். அத்தனை தெளிவு.

அதில்தான் இப்போது இது.

ஜூன் 7, ஞாயிறு

மீன்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் குப்பி. எந்த நோய்க்கும் அவரிடம் ஒரு குப்பி உண்டு.

"சார் இருந்தவரைக்கும் இப்படி வந்ததே இல்லையே மேடம்?"

"சார் இருந்தவரைக்கும் அது தொட்டியாவா இருந்தது? குட்டையா இருந்தது."

"சரி விடுங்க. இதை ஊத்துங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைத் தேடி வந்து கும்பிடுவீங்க."

"போகலைன்னா?"

"போகலைன்னா இதைவிடப் பெரிய குப்பி இருக்கு மேடம்."

சிரிக்கிறார். முகத்துக்கு நேராக.

ஜூன் 11

ஊற்றினேன். நீர் கஞ்சித்தண்ணீர் மாதிரி ஆயிற்று, மறுநாள் தெளிந்தது. சளி அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் குளித்துத் தலைவாரிப் புதுசாக நிற்கிறது. நத்தைகள்தான் செத்தன. மணலில் மல்லாந்து கிடந்த மூன்றை இடுக்கியால் எடுத்தேன். அவை என்ன பாவம் செய்தன? பாறையைத் துடைத்து வயிறு வளர்த்தன. என்னைப்போல.

ஜூன் 14, ஞாயிறு

குப்பியைத் தேடிப் போகவில்லை. கும்பிடவும் இல்லை.

ஜூன் 17

இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே எரிச்சல். ஓய்வுபெற்றபோது ஆய்வகத்தில் சால்வை போர்த்துவதாகச் சொன்னார்கள். சால்வை வேண்டாம், ஒதுக்கி வைத்திருக்கும் அந்தப் பழைய மைக்ராஸ்கோப்பைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன். அலமாரியில் உறை போட்டபடி இருந்தது. லென்ஸைத் துடைத்து, ஒரு சொட்டுச் சளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தேன்.

உயிர். அத்தனையும் உயிர். பூசணி விதை மாதிரி ஒரு பக்கம் கூர்ந்தவை, கூர்முனையை எதிலோ நூலால் கட்டிவிட்டதுபோல் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. ஒரு சொட்டில் ஒரு திருவிழாக் கூட்டம்.

அவருடைய மீன் புத்தகத்தில் படம் இருந்தது. டைனோஃபிளாஜெல்லேட். பாசி இல்லை, பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு. தின்ற நத்தையைக் கொல்லும் விஷமும் சிலவற்றுக்கு உண்டாம். ஒழிப்பது கடினம், தொட்டிச் சுகாதாரத்தைப் பேணுக என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். பேணுக! எனக்குச் சொல்கிறார்கள். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையால் மேசையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்ப்பார். மேற்பக்கத்தை எல்லோரும் துடைப்பார்கள் என்பது அவர் கட்சி. என் மேசையில் அந்தக் கைக்குட்டை ஒரு நாளும் அழுக்கானதில்லை.

மகள் ஃபோனில் தேடிப் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தேன். ஆளுக்கொரு வைத்தியம், ஒருவருக்கும் பெயர் இல்லை. கையெழுத்துப் போடாத அறிக்கையை நான் படிப்பதில்லை.

சுகாதாரம்தானே வேண்டும்? தருகிறேன். இனி வாரத்துக்கு ஒரு முறை அல்ல, இரண்டு முறை நீர் மாற்றம். தீனி அரைக் கரண்டி.

ஜூன் 20

விழுந்துவிட்டேன். உப்புநீர் வாளி, ஈரத்தரை, இடது இடுப்பு. ஒன்றும் முறியவில்லை. எழுந்து, தரையைத் துடைத்து, மறுபடி வாளி நிரப்பி, மாற்ற வேண்டிய நீரை மாற்றி முடித்தேன். மகளிடம் சொல்வதாக இல்லை.

ஜூன் 21, ஞாயிறு

வந்துவிட்டாள்.

"இடுப்புல என்னம்மா?"

"ஒண்ணுமில்லையே."

"கீழ் வீட்டு ஆன்ட்டி ஃபோன் பண்ணினாங்க. வாளி விழுற சத்தம் கேட்டுதாம். ஓடி வரலாம்னு பார்த்தாங்களாம். அதுக்குள்ள நீ திட்டுற சத்தம் கேட்டுதாம், சரி, உயிரோடதான் இருக்காங்கன்னு போய்ட்டாங்களாம்."

கீழ் வீட்டுக்காரிக்குக் காது இத்தனை கூர்மை என்றால் மாடிப்படி விளக்கு எரியாததை மட்டும் ஏன் கண் பார்ப்பதில்லை என்று கேட்டேன். பேச்சை மாற்றாதே என்றாள். பிறகு சொன்னாள். ஒத்திகை பார்த்து வந்திருக்கிறாள், குரலிலேயே தெரிந்தது. மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டர் புதுசாக கிளினிக் திறக்கிறாராம். காத்திருப்போர் அறைக்குத் தொட்டி தேடுகிறாராம்.

"நல்லாப் பார்த்துப்பார்ம்மா. ஆள் வெச்சுப் பார்த்துப்பார்."

"நான் பார்த்துக்கலையா?"

"நீ பார்த்துக்கறே. உன்னை யார் பார்த்துக்கறது? உனக்கு அது பிடிக்கக்கூட இல்லையேம்மா. அப்பாவோட அதுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கே? இப்ப எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறே?"

அழுகிறேனாம். யார் அழுதது? எனக்கு வந்த கோபத்தில் சொல்லிவிட்டேன்: "ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து பாரு. கண்ணாடி பளிச்சுன்னு இருக்கும், ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. இருந்தா அந்தப் பல் டாக்டரை அன்னிக்கே வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"சத்தியமா?"

"நான் எப்ப சொன்ன சொல்லை மீறியிருக்கேன்?"

மீறியதில்லை. அவளுக்குச் சுற்றுலா இல்லை என்றால் இல்லை, அடி உண்டு என்றால் உண்டு. அப்படித்தான் வளர்த்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

பல் டாக்டரே வந்தார், மகளோடு. முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியிருந்தது. தொட்டிமுன் குனிந்து, சளியைப் பார்த்து, தொழில்முறையாக "உச்" என்றார்.

"இது சும்மா கறைதான் ஆன்ட்டி. எல்லாத்தையும் காலி பண்ணிட்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்."

"காலி பண்ணிட்டுன்னா? மீன்?"

"மீன் புதுசா வாங்கிக்கலாம் ஆன்ட்டி. இந்த மஞ்சளுக்கு ரொம்ப வயசான மாதிரி இருக்கு, இளைச்சும் போயிருக்கு. சின்னதா, கலர் கலரா நிறைய வாங்கிக்கலாம்."

"பவளம்?"

"ப்ளாஸ்டிக்ல அச்சு அசலா வருது ஆன்ட்டி. மெயின்டனன்ஸே கிடையாது."

என் சொந்தப் பற்கள் அத்தனையும் தெரியும்படி அவரைப் பார்த்துச் சிரித்தேன். "நான் உங்க ஆன்ட்டி இல்லை" என்றேன். "உங்க நாற்காலியில உட்கார வர்றவங்களுக்கு வயசாகியிருந்தா புதுசா வேற ஆள் வாங்கிப்பீங்களா?"

மகள் என் கையைக் கிள்ளினாள். எனக்கு அறுபது வயதைத் தாண்டிப் பல வருஷமாகிறது, என்னைக் கிள்ளுகிறாள்.

அவர்கள் போனபின் தொட்டியைப் பார்த்தேன். மீன் இளைத்துத்தான் போயிருக்கிறது. முதுகெலும்புக்குக் கீழே ஒரு பள்ளம். மாமனார் என்னை முறைக்கவில்லை. பாறைக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. முறைத்தால் தேவலை என்று தோன்றியது.

ஜூலை 1

இவற்றுக்கு வெளிச்சம் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. சரி, வெளிச்சம் கிடையாது. தொட்டியைப் போர்த்திவிட்டேன். கல்யாணத்துக்கு வந்த இரட்டைக் கட்டில் விரிப்பு, கனமான துணி. ஒற்றை விரிப்பு போதாது, தொட்டி அகலம். எனக்குத்தான் ஒற்றை விரிப்பு போதுமாகிவிட்டது.

ஜூலை 3

கூடத்தில் யாரோ போர்த்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் கோபம் வருகிறது. யார்மேல் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

விரிப்பை எடுத்தேன். மணல் வெள்ளை. பாறை பாறையாக இருக்கிறது. ஒரு நூல் இல்லை, ஒரு குமிழி இல்லை. மகளுக்கு ஃபோன் செய்து, டாக்டரை வேறு தொட்டி பார்க்கச் சொல் என்றேன். மனம் நிறைந்து மறுபடி நீர் மாற்றினேன், கண்ணாடியைச் சுரண்டினேன், சோதித்தேன். நைட்ரேட் இல்லை. பாஸ்பேட் இல்லை. இந்த நோட்டில் பெரிதாக எழுதுகிறேன். இல்லை.

ஜூலை 8

வந்துவிட்டது. எல்லா இடத்திலும். பவளத்தின் ஓரம் முழுக்க வெளுத்துப்போய் எலும்பு தெரிகிறது.

கேட்கிறேன் — யாரிடம் கேட்கிறேன்? உங்ககிட்டதான் கேட்கறேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. ஒரு வார்த்தை, இதை இப்படிப் பார்த்துக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சிட்டிகை சிட்டிகையா அள்ளிப் போட்டீங்க, ஒரு நாள் ஒழுங்கா சோதிச்சதில்லை, கண்ணாடி துடைச்சதில்லை, உங்களுக்கு ஒண்ணும் வரலை. நான் தினம் துடைக்கறேன். தினம்! முட்டி தேயத் துடைக்கறேன், இடுப்பு உடைய வாளி தூக்கறேன், எனக்கு வருது. இது என்ன நியாயம்? சோம்பேறிக்குக் கடல் சிரிக்குது, உழைக்கிறவ மூஞ்சியில சளி துப்புது. அந்த மீனைக் கொடுத்துட்டுப் போனீங்களே, அதுக்கு எங்க அப்பா பேரை வேற வெச்சுட்டுப் போனீங்களே —

எழுதியதைப் படித்தேன். கையெழுத்து கோணல். கிழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 12, ஞாயிறு

உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். குப்பி வேறு யாருக்கோ வேறு எதையோ விற்றுக்கொண்டிருந்தார். காத்திருக்கும் நேரத்தில் பின்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தொட்டி. அதைத் தொட்டி என்பது மரியாதைக்கு. கண்ணாடி முழுக்கப் பச்சை, நீர் தேநீர் நிறம், அடியில் குப்பை. உடைந்த பவளத் துண்டுகளையும் விற்காத மீன்களையும் அதில் தள்ளிவிடுவார்களாம். சகிக்க முடியாமல் திரும்பப் போனவள் நின்றேன்.

துண்டுகள் விரிந்திருந்தன. ஒவ்வொன்றும். மீன்கள் கொழுத்திருந்தன. நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. பழுப்புச் சளி மட்டும் இல்லை. ஒரு நூல்கூட.

"இதுக்கு என்ன ஊத்தறீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்கா? இதுக்கு எதையும் ஊத்தறதில்லை மேடம். இதை யார் பார்க்கறா? மிச்சத் தீனியைக் கொட்டுவோம்." பிறகு சுதாரித்துக்கொண்டு, "உங்களுதுக்கு வேணும்னா புதுசா ஒரு குப்பி வந்திருக்கு" என்றார். கண்முன்னால் இருப்பது அவருக்கும் தெரியவில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அந்த நீரில் ஒரு போத்தல் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொடுத்தார்.

ஜூலை 13

சோதித்தேன். நைட்ரேட் குழாயில் மருந்து விட்டதும் ரத்தச் சிவப்பு. நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிய சிவப்பு. இப்படி ஓர் அறிக்கை மனிதனுக்கு வந்திருந்தால் டாக்டரை ஓட்டமாகக் கூப்பிட்டிருப்பேன்.

இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஜன்னல் ஓரம், ஒரே வெயில். இரண்டிலும் ஒரே அளவு சளி. ஒன்றில் என் நீர். மற்றதில் பாதி என் நீர், பாதி குப்பியின் குட்டைநீர். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது. இதை மறந்துவிட்டு இத்தனை நாள் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18

என் நீர்க் குவளையில் சளி அடர்ந்து கயிறாகத் திரிந்து நிற்கிறது. குட்டைநீர்க் குவளையில் பழுப்பு மெலிந்துவிட்டது. அடியில் லேசாகப் பச்சை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இங்கே பூசணி விதைகள் சுற்றுகின்றன, சுற்றுகின்றன, அவற்றைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. அங்கே ஊரே இருக்கிறது. நெளிபவை, ஊர்பவை, பச்சைக் கம்பிகள், பெயர் தெரியாத தூசுகள். நடுவில் விதைகள் இடமில்லாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன.

ஒரு முறை பார்த்ததை நம்பக்கூடாது. மறுபடி வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

மறுபடி அதேதான்.

ஆக, நான்தான். தலைதட்டிய கரண்டியும், இரும்புத்தூளும், வாராவாரம் புதுநீரும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாமல், தின்ன ஒன்றுமில்லாமல் பச்சைப்பாசி செத்தது, அதோடு ஊரும் செத்தது. எதுவும் இல்லாத இடத்தில் பிழைக்கத் தெரிந்த ஒன்று வந்து மொத்தத் தரையையும் எடுத்துக்கொண்டது. நான் சுத்தம் செய்யச் செய்ய அதற்கு இடம் துப்புரவாகிக் கிடைத்தது. அதற்கு என்னைவிட நல்ல வேலைக்காரி எங்கே கிடைப்பாள்?

மனிதருடைய சிறுநீரில் ‘இல்லை’ என்றால் நல்ல சேதி. கடலுக்கு அது பட்டினி. ஆய்வகத்துச் சொல்லைக் கொண்டுவந்து தொட்டியில் கரைத்தேன்.

அவர் தெரிந்து செய்யவில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மண்ணும் தெரியாமல், சோம்பலில், பாவம் பார்க்கிறான் பாரு என்று போட்ட அந்த இன்னொரு சிட்டிகை — அது சரி. நான் அளந்தது தப்பு. எதிரில் இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன். அவரும் "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டியிருப்பார்.

மன்னிப்பதாக இல்லை.

ஜூலை 26, ஞாயிறு

இரும்புத்தூள் பையை எடுத்து எறிந்தேன். நீர் மாற்றம் நிறுத்தம். கடைக்குப் போய், பின்கட்டுத் தொட்டியிலிருந்து ஓர் அழுக்குப் பாறையும் ஒரு கைப்பிடி மணலும் வேண்டும் என்றேன்.

"அது குப்பை மேடம்."

"குப்பைதான் வேணும்."

"மேடம்... உடம்பு ஏதும் சரியில்லையா?"

பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி கசிந்து புடவையெல்லாம் சேற்று நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுகொண்டாள். என் வாழ்நாளில் ஒருவரும் என் பக்கத்திலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில்லை.

மாலை தீனிக் கரண்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். விரலால் ஒரு சிட்டிகை போட்டேன். மாமனார் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. தின்றது. நின்றது. பார்த்தது.

"என்ன பார்க்கறே?" என்றேன்.

இன்னொரு சிட்டிகை போட்டேன். கை கூசியது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஒரு மாற்றமும் இல்லை. சளி இருக்கிறது. இப்போது அதோடு குப்பையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கெட்டேனா?

ஆகஸ்ட் 6

காலையில் சுரண்டியை எடுத்துவிட்டேன். கை தானாகப் போகிறது. கண்ணாடிவரை போனதைப் பிடித்து இழுத்து, அடுப்படி மேடையைத் துடைக்கக் கொடுத்தேன். அதை இரண்டு முறை துடைத்தாயிற்று. கூடவே ஜன்னல்களும்.

ஆகஸ்ட் 10

நைட்ரேட் குழாயில் லேசான ரோஜா நிறம். இந்தக் கண்ணால் அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டுமாம்.

பட்டேன். கொஞ்சம்.

ஆகஸ்ட் 13

குமிழிகள் குறைந்திருக்கின்றனவா, நான் அப்படிப் பார்க்கிறேனா? சில்லில் வைத்துப் பார்த்தேன். விதைகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கம்பி. நெளிகிற ஒன்று. ஆள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 17

மணல் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் வெள்ளை. நான் உறிஞ்சாமல், நான் தேய்க்காமல். கண்ணாடியில் பச்சை. பவளத்தின் வெளுப்பு அதற்குமேல் ஏறவில்லை.

ஆகஸ்ட் 21

பழுப்பு பம்பின் மூக்கில் மட்டும். மாமனார் பக்கவாட்டில் தடித்திருக்கிறது. காலையில் தீனிக்கு இரண்டு நிமிஷம் தாமதமானதற்கு என்னை முறைத்தது. அப்பாவேதான். இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25

பழுப்பு இல்லை. எங்கும் இல்லை. சில்லிலும் தேடித்தான் ஒன்றிரண்டு.

ஆனால் கண்ணாடி! நான்கு பக்கமும் பச்சைத் தோல். உள்ளே இருப்பது நிழலாகத் தெரிகிறது. கண்ணாடி பளிச்சென்று இருக்கும், ஒரு பொட்டு அழுக்கு இருக்காது — நான் சொன்ன வார்த்தை. ஞாயிறு வருகிறாள்.

ஒரு நாளைக்கு மட்டும் சுரண்டினால் என்ன? ஞாயிறு காலை துடைத்து, அவள் பார்த்துப் போனதும் விட்டுவிட்டால்? தொட்டி இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பச்சையை மொத்தமாக எடுத்தால் வெற்றிடம், வெற்றிடத்துக்கு யார் வருவார் என்று பார்த்தாயிற்று. ஒரு நாளில் வராமலும் போகலாம். போகலாம் என்பதை வைத்து அறிக்கை எழுதமாட்டேன்.

சுரண்டாமல் விட்டால் என் சொல் போகும். எழுபது வருஷமாகப் போகாத சொல்.

ஆகஸ்ட் 29

சுரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிமுன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டரின் வெள்ளைக் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அவருக்கும் சேர்த்து ஒரு கோபம் வந்தது. புதுக் கோபம்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

வந்தாள். கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றாள்.

"என்னம்மா இது? பாசி பிடிச்சுப்போய்க் கிடக்கு!"

"ஆமா."

"பழுப்பு?"

"இல்லை. குனிஞ்சு பாரு."

குனிந்து, பச்சைக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பந்தயத்தை நினைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது. டாக்டருக்குத்தான் ஃபோன் போடப்போகிறாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஸ்டாண்டிலிருந்து சுரண்டியை எடுத்தாள்.

"என்னடி பண்றே?"

"பேசாம இரும்மா. இன்னும் பொழுது இருக்கு. நான் துடைச்சுடறேன். பளிச்சுன்னு ஆயிட்டா நீ சொன்னது சொன்னபடி. நான் டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடறேன்."

எனக்காக. என் சொல் போகக்கூடாது என்பதற்காக. கை கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"கை வைக்காதே!"

கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். சுரண்டி அவள் கையிலிருந்து விழுந்தது.

"அப்ப... நீ சொன்ன வார்த்தை?"

"சொன்னேன்."

"கண்ணாடி அழுக்கா இருக்கு."

"இருக்கு."

"அப்ப தொட்டியைக் கொடுத்துடறியா?"

"கொடுக்கமாட்டேன்."

என் காதுக்கே அது வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. மகள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், முடியவில்லை. "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு தடவைகூட நீ இப்படி விட்டுக் கொடுத்ததில்லையேம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே கிடந்த சுரண்டியை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினேன்.

பல் டாக்டரிடம் அவளே பேசிக்கொள்கிறாளாம். ஒரு நிபந்தனை, வாளியை இனி நான் தொடக்கூடாது. நீர் மாற்றம் இனி மாதம் ஒரு முறை போதும், அதற்கு அவள் வருவாள். பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை. யார் மகள்!

செப்டம்பர் 27, ஞாயிறு

வந்து வாளி தூக்கினாள். பாதி வழியில் சிந்தினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன். அதற்குக் கோபித்துக்கொண்டாள். பிறகு இருவரும் காபி குடித்தோம்.

அவள் போனபின் தொட்டிப் பக்கம் போனேன். மாமனார் கண்ணாடியில் மேய்ந்துகொண்டிருந்தது. வாய் வைத்த இடமெல்லாம் பச்சையில் சின்னச் சின்ன வட்டத் தடங்கள், வரிசையும் ஒழுங்கும் இல்லாமல், கண்ணாடி முழுக்க. அவர் காலத்திலும் இருந்தன. தினமும் அவற்றைக் காட்டித்தான் சண்டை போடுவேன், வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று.

துடைக்கவில்லை. தரையில் அவள் சிந்தியதையும் துடைக்காமலே விட்டிருக்கிறேன், அது தானே காய்ந்துவிட்டது. உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.